ராக்கர் ஸ்டட்: வீட்டில் மாற்றுவதா, லேத் பட்டறைக்குப் போவதா?

மணப்பாடு, குலசேகரன்பட்டினம், உடன்குடிப் பகுதிகளில் ஆயில் இஞ்சினுக்குப் பகை இரண்டு. ஒன்று தேரி மணல். மற்றொன்று உப்புக் காற்று. தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மின்சாரம் இலவசம் என்றாலும், இணைப்புக்குக் காத்திருப்பவர்கள் இன்றும் டீசல் இஞ்சினை நம்பியே இருக்கிறார்கள். மணல் நிலத்தில் ஈரம் தங்காது. கோடையில் இஞ்சின் நாலு நாள் நின்றால் வெற்றிலைக்கொடி தாங்காது.

இஞ்சின் தலையில் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது, வால்வ் இடைவெளி சரிசெய்த மறுவாரமே மாறிவிடுகிறது என்றால் ராக்கரைத் தாங்கும் ஸ்டட்டைச் சந்தேகிக்க வேண்டும். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் இஞ்சினில் ஒவ்வொரு ராக்கரும் மணிக்கு 45,000 தடவை ஆடுகிறது. 650 சுற்று ஓடும் பழைய லிஸ்டர் மாதிரி இஞ்சினில்கூட 19,500 தடவை. அத்தனை அடியையும் வாங்குவது அந்த ஸ்டட்தான்.

மூடியைக் கழற்றி ஸ்டட்டை அசைத்துப் பார்க்கவும். அடி உறுதியாக இருந்து, மேல் மரை மட்டும் தேய்ந்திருந்தாலோ தண்டு வளைந்திருந்தாலோ வீட்டிலேயே மாற்றலாம். துரு ஏறியிருக்கும் என்பதால் முதல் நாள் இரவே மண்ணெண்ணெயுடன் சிறிது இஞ்சின் ஆயில் கலந்து அடியில் விட்டு ஊறவைப்பது நல்லது. பிறகு இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டி, கீழ் நட்டை இடப்புறம் திருப்பினால் ஸ்டட் வெளியே வரும். புதியதை ஏற்றும்போது மேல் நட்டைத் திருப்ப வேண்டும். புஷ் ராடு துவாரங்களைத் துணியால் அடைத்துக்கொள்ள மறக்கக்கூடாது. ஸ்டட் துவாரத்தில் தேங்கிய எண்ணெயையும் துடைத்தெடுக்க வேண்டும். மூடிய துவாரத்தில் எண்ணெய் இருக்கும்போது ஸ்டட்டை இறுக்கினால், போக்கிடம் இல்லாத எண்ணெய் வார்ப்பிரும்பையே பிளந்துவிடும்.

பழைய ஸ்டட்டைக் கடைக்கு எடுத்துப்போய் மரையை ஒத்துப் பார்த்தே புதியதை வாங்க வேண்டும். 3/8 அங்குல ஸ்டட் 9.5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் ஸ்டட்டும் கண்ணுக்கு ஏறக்குறைய அப்படியேதான் தெரியும். ஒன்றின் துவாரத்தில் மற்றதைத் திணித்தால் தலையின் மரை போய்விடும். சாதாரண இரும்புக் கம்பியில் மரை வெட்டிப் போடுவது சிக்கனம் போலத் தோன்றும். அது சில வாரங்களில் நீண்டுவிடும்.

ஸ்டட் தலையோடு மட்டமாக முறிந்திருந்தால், அல்லது துவாரத்தின் மரையே அழிந்திருந்தால், லேத் பட்டறைதான் வழி. இங்கேதான் பலர் கை டிரில்லை எடுத்துத் தலையைக் கெடுக்கிறார்கள். முறிந்த துண்டின் நடுவில் துளை விழாமல் சற்று விலகினாலும் டிரில் மென்மையான வார்ப்பிரும்புக்குள் ஓடும். ஆழம் மிஞ்சினால் தண்ணீர் அறை திறந்துகொள்ளும். துளை சாய்ந்தால் ராக்கர் வால்வ் நுனியின் ஓரத்தில் அமுக்கும். வால்வ் கைடு ஒரு பக்கமாகத் தேயும். முறிந்த துண்டை எடுக்கும் கருவி உள்ளே ஒடிந்தால் நிலைமை இன்னும் மோசம்; அந்த எஃகைச் சாதாரண டிரில் தொடாது.

பட்டறையில் தலையை மேசை டிரில்லில் கட்டி, நேர்செங்குத்தாகத் துளைத்து, பெரிய அளவு மரையோ உள் மரைச் சுருளோ போட்டுத் தருவார்கள். அமெரிக்காவின் செவர்லே கார்களில் 1955 முதல் வந்த வி-8 இஞ்சினில் ராக்கர் ஸ்டட்டுக்கு அடியில் மரையே கிடையாது, அழுத்திச் செருகியது. அது எழும்பினால் அங்குள்ளவர்களும் துவாரத்தில் மரை வெட்டித் திருகு ஸ்டட் போடுகிறார்கள்.

தலையைக் கொடுக்கும்போது வால்வ் இருக்கைகளுக்கு இடையே விரிசல் உண்டா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். விரிசல் இருந்தால் ஸ்டட் வேலைக்குக் கூலி கொடுப்பது வீண்.

திரும்ப மாட்டும்போது புதிய கேஸ்கெட் போட்டு, நட்டுகளை எதிரெதிராக மூன்று தவணையில் இறுக்க வேண்டும். டிகம்ப்ரஷன் லீவரை விட்டுவிட்டு, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில், இஞ்சின் புத்தகத்தில் கண்ட அளவுக்கு இடைவெளி வைக்கவும். பிறகு கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்து, எங்கும் தடை இல்லை என்றால் ஸ்டார்ட் செய்யலாம். பத்து மணி நேரம் ஓடியபின் இஞ்சினை ஆறவிட்டு, இடைவெளியை மறுபடி அளக்க வேண்டும்.