புதுப்பசுவும் கட்டுக்கயிறும்

இல்லறத்தார்க்குரிய அகிம்சா அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தெனத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரத்தில் பயின்றுள்ளோம். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. உழவும் பாலுமாய் வாழ்ந்த நம் குடும்பங்களில் கயிறின்றி மாடு வளர்த்தல் எங்ஙனம்? தீப்பற்றினால் உடனே அவிழ்க்கத்தக்க தளர்முடிச்சாய், அசைந்து படுக்க இடந்தருவதாய்க் கட்டின் குற்றமன்று என்பர் உரையாளர்.

இவ்வறத்திற்குச் சோதனை, சந்தையில் வாங்கிய மாட்டை வீட்டிற்கு ஓட்டிவரும் நாளில் நேர்கிறது. அது பழைய மந்தையை எண்ணிக் கத்தும். வந்த வழியே ஓடப் பார்க்கும். நாமோ கயிற்றைக் குறுக்குகிறோம், அடிக்கிறோம், பட்டினி போட்டால் பணியும் என்கிறோம். ஒரே பகலில் மூன்று அதிசாரங்கள்!

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் நிகழ்ந்தது இங்கே நினைக்கத்தக்கது. 1926-இல் அருணாசலம் பிள்ளை என்னும் அன்பர் ஒரு பசுவையும் அதன் கன்றையும் கொண்டுவந்து அளித்தார். மலையடிவாரம் அப்போது காடு. சிறுத்தை அச்சமும் இருந்தது. எனவே ரமணர் முதலில் ஏற்கத் தயங்கினார். அன்பரொருவர் பொறுப்பேற்றதால் அவை அங்கே தங்கின. பின்னர் நகரில் ஒருவர் பராமரிப்பில் விடப்பட்டன. ஓராண்டளவில் அவர் இரண்டையும் ஆசிரமத்திற்கு ஓட்டிவந்தார். அதன் பின்னர் இலட்சுமி என்னும் அக்கன்று தானே வழியறிந்து நாள்தோறும் வரலாயிற்று. மாலையில் நகருக்குத் திரும்பிற்று. பிற்காலத்தில் ஆசிரமத்திலேயே நிலைத்து, 18-6-1948-இல் உயிர் நீத்தது. அதன் சமாதி இன்றும் அங்குள்ளது. அதனை அங்கே வரவழைத்தது கயிறன்று, பழகிய இடத்தின் நினைவேயாம்.

அந்நினைவை நாமே வளர்க்கலாம். புதுமாட்டை மூன்று வார காலம் தனித்து வைத்து, கோமாரி முதலிய நோயின்மையை மருத்துவரால் தெளிதல் வேண்டும். ஆயினும் பிற மாடுகளைக் காணுமாறு வைத்தல் நன்று. (புதிய மாணவனைத் தனியே கடைசிப் பலகையில் அமர்த்தலாகாது என ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்றதும் இதுவே.) பழைய இடத்தில் தின்ற தீவனத்தையே முதலில் கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் சிறிது சிறிதாக மாற்றுக, வைக்கோலில் வளர்ந்ததைப் பசும்புல்லில் திடீரென விட்டால் வயிறு உப்பும்.

பின்னர், காலை வெயிலில் நீண்ட கயிற்றில் பிடித்து மேய்ச்சல் நிலத்தின் எல்லையைச் சுற்றி நடத்துக. தண்ணீர்த் தொட்டியையும் நிழல் மரத்தையும் பகலிலேயே காட்டுக. பெயர் சொல்லி அழைத்துத் தவிடு வைத்தால், சில நாளில் குரலுக்கே திரும்பும். பழைய மாடுகளுடன் விடும்போது கொம்பு மோதல் எழும். பெரும்பாலும் சில நாளில் அடங்கும். அதுவரை தீவனத்தைத் தள்ளித் தள்ளிப் பல இடங்களில் வைத்தல் வேண்டும், எளிய மாடும் உண்ணுமாறு.

கிரிவலப் பாதையோரம் நிலமுடையார்க்கு ஒன்று: பௌர்ணமி நாளில் புதுமாட்டை அவிழ்த்துவிடல் ஆகாது. பெருங்கூட்டத்தில் வெருண்டோடும். மறுநாட்காலை பிளாஸ்டிக் பைகளைப் பொறுக்கிய பின்னரே மேயவிடுக.