உடம்பெல்லாம் வலி: சமையற்கட்டில் மருந்து உண்டா?

“டிரெஸ்ஸர் ஐயா, உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு.”

இந்த வார்த்தையைக் கேட்காத நாள் என் மருந்தகத்தில் இல்லை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெளிச்சம் வந்ததும் காட்டில் இறங்கி, உளி பிடிக்கிறவருக்கும் செம்பனைக் குலை சுமக்கிறவருக்கும் உடம்பு வலிக்காமல் வேறென்ன செய்யும்? பெரும்பாலும் இது வேலை வலிதான். இரண்டு நாள் ஓய்வும், வெந்நீர்க் குளியலும், கொஞ்சம் தைலமும் போதும். போய்விடும்.

ஆனால் சிலருக்குப் போவதில்லை. மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று நிற்கிறது. இன்றைக்குத் தோள், நாளைக்கு இடுப்பு, மறுநாள் தொடை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்காத களைப்பு. என்ன எடுக்க வந்தோம் என்பதே மறந்து அடுப்படியில் நிற்பது. பேரப்பிள்ளை ஓடிவந்து கையைப் பிடித்தாலே சுருக்கென்று வலிப்பது. இரத்தம் சோதித்தால் எல்லாம் சரி, எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு சரி. “உனக்கு ஒன்றுமில்லை, போய் வேலையைப் பார்” என்று பதில் வரும். இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

இந்த நோய்க்கு ஃபைப்ரோமையால்ஜியா என்று பெயர். நாரும் தசையும் வலிப்பது என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். 1904-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் கவர்ஸ் என்ற மருத்துவர் இதற்கு வேறொரு பெயர் வைத்தார். தசைநாரில் அழற்சி என்று அவர் எண்ணினார். பின்னால் பார்த்தபோது அழற்சி எதுவும் தென்படவில்லை. ஆகவே 1976-இல் இப்போதைய பெயர் வந்தது. 1990-இல் அமெரிக்க மூட்டு மருத்துவர்கள் உடம்பில் 18 இடங்களைக் குறித்து, அழுத்தினால் 11 இடத்திலாவது வலிக்க வேண்டும் என்றார்கள். 2010-இல் அந்தக் கணக்கையும் விட்டுவிட்டு, எத்தனை பகுதியில் வலி, தூக்கம் எப்படி, களைப்பு எவ்வளவு என்று கேட்டே முடிவு செய்யலாம் என்று மாற்றினார்கள். ஆணுக்கும் வரும், ஆனால் பெண்களிடமே அதிகம் காணப்படுகிறது.

கோளாறு தசையில் இல்லை; வலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு வழியில் இருக்கிறது. வானொலியில் சத்தத்தைக் கூட்டும் குமிழ் இருக்கிறதல்லவா? அதை யாரோ முழுக்கத் திருகிவிட்டு, பிறகு குறைக்க முடியாமல் மாட்டிக்கொண்டது போல. பாடுகிறவர் மெல்லத்தான் பாடுகிறார், நம் காதில் மட்டும் அலறுகிறது. வலி பொய்யல்ல. நடிப்பும் அல்ல.

இதை நான் கற்றுக்கொண்டது புத்தகத்தில் அல்ல. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு அக்கா என்னிடம் வந்தார். பெயர் வேண்டாம். வீடு புந்தோங்கில், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. முன்பு பால் வெட்டியவர், பிறகு செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கப் போனார். ஒரே மாதத்தில் ஐந்து முறை மருந்தகத்துக்கு வந்தார். ஒவ்வொரு முறையும் வலி வேறு இடத்தில். காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை. வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறார் என்று நான் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். ஐந்தாவது முறை நாலு மாத்திரையை மடித்துக் கொடுத்து, “என்னக்கா, வாரம் ஒரு வலியா?” என்றும் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வரவும் இல்லை.

வலி தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அவரோ இரவுச் சந்தையில் யாரோ விற்ற ‘காற்று மாத்திரை’யை வாங்கியிருக்கிறார். மூலிகைதான், பக்க விளைவே கிடையாது என்று சொல்லி விற்றார்களாம். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது. பசி எடுத்தது, புதுத் தெம்பு வந்தது. அக்கம்பக்கத்துக்கும் வாங்கிக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. முகம் பௌர்ணமி நிலா மாதிரி உப்பியிருந்தது. கையிலே தொட்ட இடமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. மறுநாளே வரச் சொல்லி இனிப்பு நீர் பார்த்தேன்: 18. அதற்கு முன் அவருக்கு இனிப்பு நீரே கிடையாது.

அந்த மாத்திரைக்குள் என்ன இருந்திருக்கும்? இப்படிப்பட்ட ‘மூலிகை’ மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்துத் தடை செய்திருக்கிறது. ஸ்டீராய்டு நல்ல மருந்துதான், மருத்துவர் கையில் இருக்கும்வரை. அளவு தெரியாமல் மாதக்கணக்கில் விழுங்கினால் இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, எலும்புத் தேய்வு எல்லாம் வரும். அதைவிட மோசம் ஒன்று உண்டு. நம் உடம்பே தினமும் சுரக்கிற இயற்கை ஸ்டீராய்டு நின்றுபோய்விடும். அந்த நேரத்தில் பயந்துபோய் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தம் விழுதல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே இதைப் படிக்கிற யாராவது அப்படி ஒன்றை மாதக்கணக்கில் சாப்பிட்டு வந்தால், நீங்களாக நிறுத்தாதீர்கள். பாக்கெட்டோடு மருத்துவரிடம் போங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்கள். அக்காவுக்கும் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் அப்படித்தான் பல மாதம் எடுத்துக் குறைத்தார்கள். பிறகு அங்கேதான் அவருடைய பழைய வலிக்கும் பெயர் சொன்னார்கள். இனி மருந்து வாங்கும்போது பெட்டியில் எம்-ஏ-எல் என்ற மூன்று ஆங்கில எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும், மினுங்கும் பாதுகாப்பு ஒட்டியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் முடிந்து வந்தபின் அக்கா என்னிடம் கேட்டது இதுதான்: “மாத்திரையைப் பார்த்தாலே பயமா இருக்கு ஐயா. சாப்பாட்டுல ஏதாவது இருக்கா?”

உள்ளதைச் சொல்கிறேன். இந்த வலியைத் தீர்க்கும் உணவு என்று நிரூபிக்கப்பட்ட ஒன்று இல்லை. ஆனால் சாப்பாடு சரியில்லாவிட்டால் வலி ஒன்றுக்கு இரண்டாகத் தெரியும். முதலில் இரத்தச் சோகை. நம் பெண்களிடம் இது அதிகம், இதுவே களைப்பையும் உடம்பு வலியையும் கொடுக்கும். முருங்கைக்கீரை, பருப்பு, நெத்திலி, முட்டை, முடிந்தபோது ஈரல். கீரை சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொண்டால், அல்லது பின்னால் ஒரு கொய்யா தின்றால், இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சோற்றோடு தேத்தண்ணீர் குடிக்கிற பழக்கம் அதைக் கெடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். அடுத்தது வைட்டமின் டி. வெயில் நாட்டில் இருக்கிறோம், நமக்கு அது குறையாது என்று நினைக்க வேண்டாம். மரநிழலில், முழுக்கைச் சட்டையும் தலைத்துணியுமாக வேலை செய்கிறவர்களுக்குக் குறையலாம். டின் சார்டினிலும் முட்டை மஞ்சள் கருவிலும் கொஞ்சம் உண்டு. குறைவு என்று இரத்தத்தில் தெரிந்தால் மாத்திரை கொடுப்பார்கள்.

மஞ்சள் பற்றிக் கேட்காதவர் இல்லை. 1998-இல் பெங்களூரில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஒரு சோதனை செய்தார்கள். மஞ்சளின் சத்து தனியாகப் போனால் இரத்தத்தில் சேருவதே இல்லை என்னும் அளவுக்குக் குறைவு; மிளகின் காரச் சத்தோடு சேர்ந்தால் பல மடங்கு கூடுகிறது என்று கண்டார்கள். நம் பாட்டிமார் இரசத்தில் மஞ்சளையும் மிளகையும் சேர்த்துப் போட்டது வீண்போகவில்லை. ஆனால் இரத்தத்தில் சேருகிறது என்பது வேறு, வலி தீருகிறது என்பது வேறு. சமையலில் தாராளமாகச் சேருங்கள். குப்பியில் விற்கும் மஞ்சள் மாத்திரைக்குக் காசைக் கொட்ட வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் அந்தக் குப்பிப் பக்கமே போகக் கூடாது.

புந்தோங்கில் இருக்கிற நமக்கு இன்னொரு வசதி. இங்கே முளைக்கிற தவுகே குட்டையும் பருமனுமாக இருக்கும். நாடு முழுக்கப் பேர் வாங்கியது. நெத்திலியோடு வதக்கினால் செலவு குறைந்த நல்ல சாப்பாடு. கச்சான் பூத்தேவும் நம் ஊர்ச் சரக்குதான். எண்ணெயில் பொரித்து உப்புப் போட்டதைக் கொறிப்பதைவிட, அதே கடலையை அவித்துச் சுண்டலாகத் தின்னுங்கள். (கச்சான் வியாபாரம் செய்கிற என் சித்தப்பா மகன் இதைப் படித்தால் கோபித்துக்கொள்வான்.) சுவைத்தூள் சேர்த்தால் வலி கூடுமா என்றும் சிலர் கேட்கிறீர்கள். சிறு சிறு சோதனைகள் நடந்தன. ஒன்று நிறுத்தினால் நல்லது என்றது, இன்னொன்று வித்தியாசமே இல்லை என்றது. சந்தேகம் இருந்தால் இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள், ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே நேரத்தில் பத்துப் பொருளை நிறுத்தினால் எது உதவியது என்றே தெரியாது, உடம்பும் இளைத்துவிடும்.

அக்காவின் சாப்பாட்டில் நான் முதலில் மாற்றச் சொன்னது மஞ்சளும் இல்லை, கீரையும் இல்லை. காலை நாலு மணிக்கு ஒரு வரக்கோப்பி, பிறகு பத்து மணிவரை வெறும் வயிறு. சாயங்காலம் கெட்டிப்பால் ஊற்றி மூன்று கிளாஸ் தேத்தண்ணீர், இரவு எட்டு மணிக்கு மறுபடி கோப்பி. பிறகு தூக்கம் எங்கிருந்து வரும்? மதியத்துக்கு மேல் கோப்பி, தேத்தண்ணீர் இரண்டும் வேண்டாம் என்றேன். காட்டுக்குப் போகுமுன் இரண்டு இட்லியோ, ஒரு வாழைப்பழமும் அவித்த முட்டையுமோ சாப்பிடச் சொன்னேன். முதல் வாரம் தலைவலி என்று என்னைத் திட்டினார். மூன்றாவது வாரம் நடுச்சாமத்தில் விழிப்பது குறைந்தது.

தூக்கத்துக்கு ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், 1975-இல் கனடாவின் டொராண்டோவில் மால்டாஃப்ஸ்கி என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் நல்ல ஆரோக்கியமான மாணவர்கள் சிலரைப் படுக்க வைத்து, அவர்கள் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும்போதெல்லாம் சத்தம் எழுப்பிக் கலைத்தார்கள். சில இரவுகளிலேயே அந்த மாணவர்களுக்கும் உடம்பு வலியும் களைப்பும் வந்துவிட்டன. தூங்கவிட்டதும் குறைந்தது. நம் வேலை நேரத்தை எண்ணிப் பாருங்கள். இரவு பதினொன்று வரை டிவி, நாலு மணிக்கு எழும்புதல். இது வருடக்கணக்கில் நடக்கிறது. ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தால் போதும், அதற்கு ஒரு காசும் வேண்டாம்.

2017-இல் ஐரோப்பிய மூட்டு மருத்துவர்கள் சங்கம் எல்லாச் சிகிச்சைகளையும் எடைபோட்டுப் பார்த்தது. உறுதியாகச் செய்யுங்கள் என்று அழுத்திச் சொன்னது ஒன்றைத்தான்: உடற்பயிற்சி. இதைச் சொன்னபோது அக்கா சிரித்துவிட்டார். “நாள் முழுக்கக் குனிஞ்சு நிமிர்றேன், இன்னும் என்ன பயிற்சி?” நியாயமான கேள்வி. ஆனால் வேலை வேறு, பயிற்சி வேறு. ஒரே பக்கம் குனிந்து, ஒரே தோளில் சுமந்து, அவசரத்தில் செய்வது வேலை. அது சில தசைகளை மட்டும் முறுக்குகிறது. பயிற்சி என்பது உடம்பு முழுவதையும் மெதுவாக அசைப்பது. சாயங்காலம் பத்து நிமிடம் நடை. இரண்டு வாரம் கழித்துப் பதினைந்து. அவ்வளவில் தொடங்கினால் போதும். பூங்காவில் காலையில் சீனப் பெரியவர்கள் தண்ணீருக்குள் அசைவது போல் கையைக் காலை அசைக்கிறார்களே, அந்த தாய்ச்சி இந்த வலிக்கு நன்றாக உதவுகிறது என்று 2018-இல் அமெரிக்காவில் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். வெட்கப்படாமல் பின்வரிசையில் போய் நில்லுங்கள். முதல் இரண்டு வாரம் வலி கொஞ்சம் கூடலாம். இன்னொன்று: உடம்பு நன்றாக இருக்கிற நாளில் வீட்டு வேலை, துணி, தோட்டம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்க நினைத்தால் அடுத்த மூன்று நாள் படுக்கைதான்.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவில் சிறு அளவு அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரை கொடுப்பார்கள். பெட்டியில் மனச்சோர்வு மருந்து என்று போட்டிருப்பதைப் பார்த்து, “என்னைப் பைத்தியம் என்கிறார்களா?” என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. அப்படியில்லை. இந்தச் சிறு அளவில் அது தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும்தான். வாய் கொஞ்சம் வறளும், காலையில் மந்தமாக இருக்கலாம். சீக்கிரமே படுக்கிறவர்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண வலி மாத்திரைகள் இந்த நோய்க்கு அவ்வளவாகக் கேட்பதில்லை, தினமும் தின்றால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

எல்லா வலியையும் இந்தப் பெயரில் போட்டு மூடிவிடவும் கூடாது. மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால், காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காவிட்டால், உடம்பு காரணமின்றி இளைத்தால், கை கால் பலம் குறைந்தால் அது வேறு நோய். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால் அன்றைக்கே வாருங்கள், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தைராய்டு குறைவும் இதே மாதிரி வலிக்கும். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையாலும் தசை வலி வருவதுண்டு. நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டு ஆண்களுக்கும் கிளைத் தலைவர்களுக்கும்: வெளியே தெரியாத வலி என்பதால் இல்லாத வலி ஆகிவிடாது. நான் அந்த அக்காவிடம் கேட்ட கேள்வியை நீங்களும் கேட்காதீர்கள். தீபகற்பத்தில் வேலைச் சட்டப்படி மருத்துவரின் சான்றோடு சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு, இரண்டு வருடத்துக்குள் இருப்பவருக்கு வருடம் 14 நாள், ஐந்து வருடத்துக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் உண்டு. நிர்வாகம் தரும் சலுகையல்ல அது, உரிமை.

அக்கா இன்றும் வேலைக்குப் போகிறார். வலி போய்விடவில்லை, மழைநாளில் கூடும், சில நாள் என்னைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார். இனிப்பு நீருக்கு மாத்திரை தொடர்கிறது. கிளினிக்குக்குப் போகும்போது அவர் செய்வதையே நீங்களும் செய்யுங்கள்: சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும், மூலிகை, ஜாமு, நாட்டு மருந்து, சந்தையில் வாங்கியது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மேசைமேல் வையுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான்.