பயந்தவர்களுக்கு அரை மணி நேரம் போதாது

கடல் என்றாலே வயிறு கலங்கும் ஆட்களுக்கு எல்லோரும் சொல்கிற யோசனை ஒன்றுதான்: "முதலில் அந்தமானில் ஒரு டிரை டைவ் போய்ப் பாருங்கள். பிடித்தால் கோர்ஸில் சேரலாம்." எனக்கு இதில் உடன்பாடில்லை. பயப்படுகிறவர் டிரை டைவை விட்டுவிட்டு நேராக ஸ்கூபா கோர்ஸில் சேர்வதுதான் நல்லது.

அந்தமானில் ஹேவ்லாக் தீவின் நீமோ ரீஃபில் டிரை டைவ் என்ற பெயரில் என்ன நடக்கிறது? கரையில் வெட்சூட்டை மாட்டிவிடுவார்கள். இடுப்பளவு தண்ணீரில் கொஞ்ச நேரம் வாயால் மூச்சுவிடப் பழக்குவார்கள். பிறகு பயிற்றுநர் நம் சிலிண்டரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உள்ளே கூட்டிப்போவார். ஜாக்கெட்டில் காற்றை ஏற்றுவதும் இறக்குவதும், ஆழம் பார்ப்பதும் அவர் பாடு. டூவீலரில் பின்சீட்டில் போகிற மாதிரிதான். துணிச்சல்காரர்களுக்கு அது சுகம். மீனைப் பார்த்தோம், போட்டோ எடுத்தோம், வந்தோம். பயந்தவருக்கோ கைக்கு வேலை இல்லாததால் மனம் கண்டதையும் நினைக்கும். மாஸ்க்குக்குள் நாலு சொட்டுத் தண்ணீர் இறங்கினால் போதும். நான் பாதியிலேயே கட்டைவிரலை உயர்த்திக் காட்டி மேலே வந்தவள். (நீருக்கடியில் கட்டைவிரல் என்றால் "மேலே போகலாம்" என்று பொருள். "சூப்பர்" சொல்ல ஆசைப்பட்டு அதைக் காட்டிவிடாதீர்கள்.)

ஓப்பன் வாட்டர் கோர்ஸில் அந்த நாலு சொட்டுக்கு வைத்தியம் சொல்லித் தருகிறார்கள். குளத்தின் ஆழமில்லாத பக்கம் மண்டியிட்டு, நாமே மாஸ்க்கின் விளிம்பைத் தூக்கித் தண்ணீரை உள்ளே விட வேண்டும். தண்ணீர் மூக்கைத் தொட்டதும் உடம்பு மூச்சை இறுக்கிப் பிடிக்கும். எழுந்து ஓடு என்னும். வாயிலுள்ள ரெகுலேட்டரில் நிதானமாக இழுத்து, மாஸ்க்கின் மேல் சட்டத்தை நெற்றியோடு அழுத்தி, முகத்தைச் சற்றே நிமிர்த்தி, மூக்கால் மெதுவாக ஊத வேண்டும். காற்று மேலே தங்க, தண்ணீர் அடிவிளிம்பு வழியாக வெளியேறிவிடும். வீட்டிலேயே ஒத்திகை பார்க்கலாம்: மாஸ்க் இல்லாமல் ஸ்நார்க்கலை மட்டும் கடித்துக்கொண்டு வாளித் தண்ணீரில் முகத்தை வைத்து மூச்சுவிடுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எனக்குப் பாதி பயம் அந்த வாளியில்தான் போயிற்று.

கோர்ஸை முடித்தால் கிடைக்கும் சான்றிதழ் அட்டை பாடி (PADI) அமைப்புடையதா, எஸ்எஸ்ஐ (SSI) அமைப்புடையதா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் உலகெங்கும் செல்லும், இரண்டிலும் 18 மீட்டர் ஆழம் வரை போகலாம். பாடியில் 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். நீச்சலுக்கு நேரக் கணக்கு கிடையாது; எப்படி நீந்தினாலும் சரி.

எங்கே கற்பது என்பதில்தான் யோசனை தேவை. ரெஃபரல் என்று ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரியாது. பாடத்தையும் குளப் பயிற்சியையும் சொந்த ஊரில் முடித்துவிட்டு, கடலில் செய்ய வேண்டிய 4 டைவை மட்டும் வேறிடத்தில் போய் முடிக்கலாம். நான் சென்னையில் குளத்தையும் ஹேவ்லாக்கில் கடலையும் வைத்துக்கொண்டேன். விடுமுறை முடிவதற்குள் கற்றாக வேண்டும் என்ற நெருக்கடி இல்லாததே பெரிய நிம்மதி. புதுச்சேரி பக்கத்தில் இருக்கிறதே என்பீர்கள். நல்ல இடம்தான், ஆனால் தண்ணீர் ஒருநாள் தெளிவாகவும் மறுநாள் கலங்கலாகவும் இருக்கும். கலங்கலில் முதல் டைவ் பயந்தவருக்கு ஆகாது. தாய்லாந்தின் கோ தாவ் மலிவு, அதனாலேயே கூட்டமும் அதிகம்.

பணம் கட்டும் முன் போனில் கேளுங்கள்: ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? கடலில் எட்டுப் பேர் வரை பாடி அனுமதிக்கிறது. நமக்கு இரண்டு பேரே அதிகம். ஒரு பயிற்சி வரவில்லை என்றால் இன்னொரு நாள் குளத்தில் இறங்க விடுவார்களா, அதற்குத் தனிக் கட்டணமா? பயிற்றுநருக்குத் தமிழ் தெரியுமா? பதற்றத்தில் வேறு மொழி காதில் ஏறாது. "அதெல்லாம் ஒன்றும் ஆகாது மேடம், வாங்க" என்று மட்டும் பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா, காது அறுவை சிகிச்சை, பதற்ற நோய் பற்றியெல்லாம் கேட்பார்கள். மறைக்காமல் எழுதி, டாக்டரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்கவே கூடாது. மூக்கடைப்போடு காதின் அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாது. 10 மீட்டரிலேயே அழுத்தம் இரட்டிப்பாகிவிடும். வலி வரும்வரை காத்திராமல், இறங்க ஆரம்பித்ததுமே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக்கொண்டே போக வேண்டும்.

துணிச்சலான கணவரோ தம்பியோ இருந்தால் வேறு குழுவில் சேர்த்துவிடுங்கள். அவர்கள் வேகம் நமக்குத் தொல்லை.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். அந்தமான் என்றால் கடைசி நாளை போர்ட் பிளேயரில் செல்லுலார் சிறையைப் பார்க்க வைத்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.