ஒரு பாட்டில் தண்ணீரில் ஒளு

கேள்வி: அலுவலகக் கழிப்பறையில் கைகழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்துத் தொழுகைக்கு ஒளு செய்யக் கூச்சமாக இருக்கிறது. பாட்டில் தண்ணீர் போதுமா?
- வாசகர், சிராங்கூன் சாலை

பதில்: தாராளமாகப் போதும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே ஒரு ‘முத்’ அளவில், முக்கால் லிட்டருக்குள், ஒளு செய்திருக்கிறார்கள். நிய்யத்தோடு, வரிசை பிசகாமல் முகம், முழங்கை வரை கைகளைக் கழுவி, தலையை ஈரக்கையால் தடவி, கணுக்கால் வரை கால்களைக் கழுவுங்கள். ஒருமுறையே கடமை, மும்முறை சுன்னத். குதிகாலில் காய்ந்த இடம் விடாதீர்கள், பலர் தவறுவது அங்கேதான்.

தோல் காலுறை இன்னும் எளிது. வீட்டில் ஒளுவோடு அணிந்துகொண்டால், பயணத்தில் இல்லாதவர் 24 மணி நேரம் கால்களைக் கழுவாமல் அதன் மேற்புறத்தை ஈரக்கையால் தடவினால் போதும்.

வெள்ளிக்கிழமை டன்லப் ஸ்திரீட் அப்துல் கஃபூர் பள்ளியிலோ, 1826இல் சூலியா முஸ்லிம்கள் தொடங்கிய ஜாமிஆ சூலியாவிலோ ஒளுவுக்கென்றே இடம் உண்டு. அலுவலகத்தில் மட்டும், சிந்திய தண்ணீரைத் துடைத்துவிட்டு வாருங்கள்.