வயற்சேற்றுப் பற்றீரியாவும் யூரியாவின் இழப்பும்

ஓட்டமாவடிப் பகுதியில் நீர் நிற்கும் வயலிலேயே யூரியாவை வீசும் கமக்காரர் பலர். சில நாள் பச்சை காட்டிய பயிர் மீண்டும் மஞ்சளித்தால் பசளைக் கடைக்காரரைக் குறை கூறுவர். பெரும்பாலும் குற்றம் அவருடையதன்று. பசளையில் ஒரு பங்கை மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் முந்திக்கொள்கின்றன.

பற்றீரியாக்களுட் பல இலைகுழை, சாணம் முதலியவற்றை உண்டு வாழ்வன. சில இனங்களோ அமோனியா, கந்தகம், இரும்பு ஆகிய அசேதனப் பொருள்களை ஒட்சிசனுடன் சேர்த்து, விறகு எரிந்து வெப்பந் தருவதுபோல, அதிலிருந்து வளர்ச்சிக்கு வேண்டிய சக்தியைப் பெறுகின்றன. கந்தகத்தை உண்ணும் இனத்தை ஆராய்ந்து, 1887ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டவர் ருசிய அறிஞர் வினோகிராட்சுக்கி. அமோனியாவை உண்ணும் இனத்தை அவர் 1890இற் பிரித்தெடுத்தார். இவ்வடுப்பில் வெப்பம் மிகக் குறைவு. ஒரு கிலோ கரியைத் தன் உடலாக்க, அமோனியாவிலுள்ள நைதரசனில் ஏறக்குறைய 35 கிலோவை இப்பற்றீரியா மாற்றவேண்டும். உடல் சிறிது, தீனி பெரிது.

நீர் நிற்கும் வயலில் சேற்றின் மெல்லிய மேற்படைக்கே ஒட்சிசன் கிட்டும். அங்கே கிடக்கும் யூரியா அமோனியாவாகிப் பின் நைத்திரேற்றாகும். நைத்திரேற்றை மண் பிடித்து வைப்பதில்லை. அது கீழுள்ள கருஞ்சேற்றில் இறங்கும். அங்கே வேறு பற்றீரியாக்கள் அதிலுள்ள ஒட்சிசனைப் பறிக்க, நைதரசன் வாயுவாகி ஆகாயத்திற் கலக்கும். நீர்ப்பரப்பிலிருந்து அமோனியாவும் ஒரு பங்கு ஆவியாகிப் போகும். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது யூரியாவின் அருமை யாவர்க்கும் விளங்கிற்று.

ஆதலால் நீரை வடித்து, சேறு தெரியும் நிலையில் யூரியாவை இட்டு, மட்டப்படுத்தும்போதே சேற்றினுட் கலந்து, பின்னர் நீர் கட்டுதல் வேண்டும். மேற்கட்டுப் பசளையையும் நீரைக் குறைத்தே, பல தடவையாகப் பிரித்து இடுக. நைத்திரேற்றுப் பசளைகள் நெல்வயலுக்கு ஏற்றனவல்ல.

மரக்கறித் தோட்டத்தில் இதே பற்றீரியா நன்மையே செய்யும். கத்தரி, மிளகாய் முதலியன நைத்திரேற்றை விரும்பி உறிஞ்சுவன. எனினும் மணல் நிலத்தில் அது நீரோடு கிணற்றுக்கு இறங்கும்; அந்நீர் கைக்குழந்தைகளுக்கு ஆகாது. சிறுகச் சிறுக இட்டு, கூட்டெருவும் சேர்த்தல் நன்று.

தாழ்வயல்களிற் சேறு கறுத்துக் கூழ்முட்டை நாற்றம் வீசினால், அது வேரைக் கெடுக்கும் கந்தக வாயு. நெல்வேரோரம் வாழும் ஒருவகை இழைப் பற்றீரியா, உக்கற்பொருளை உண்பதோடு இவ்வாயுவிலிருந்தும் மேலதிக சக்தி பெற்று, அதன் நஞ்சை முறிக்கும். அதற்கும் வேருக்கும் ஒட்சிசன் வேண்டும். எனவே அத்தகைய வயலைச் சில நாள் வடியவிடுக. வடிப்பதற்குச் சற்று முன்பு யூரியா இடலாகாது; வடிந்த வயலில் அது நைத்திரேற்றாகி, மீண்டும் நீர் கட்டியதும் வாயுவாய் மறையும்.