மண்ணுக்குள் இருக்கும் குழாயைச் சோதிப்பது எப்படி?

எண்ணெய்க் கிணறு என்றதும் நாங்குநேரிக்காரர்களாகிய நமக்கு வானமாமலைக் கோயில்தான் நினைவுக்கு வரும். பெருமாளுக்குச் சாத்தும் நல்லெண்ணெய் அங்குள்ள கிணற்றில் சேர்கிறது. வாகனங்களை ஓட்டும் எண்ணெயோ வேறு வகை. அது பூமியிலிருந்து எடுக்கப்பட்டு, பெரும்பாலும் பூமிக்குள் புதைத்த எஃகுக் குழாய்களின் வழியாகவே செல்கிறது. சென்னை மணலியில் சுத்திகரிக்கப்படும் பெட்ரோலும் டீசலும் திருச்சி வழியாக மதுரை வரை இப்படித்தான் வருகின்றன.

மண்ணில் புதைத்த இரும்பு துருப்பிடிக்கும் என்பது நாம் அறிந்ததே. ஆகவே குழாயின் வெளிப்புறத்தில் காப்புப் பூச்சு பூசுகிறார்கள். சிறிதளவு மின்சாரத்தையும் செலுத்தி அரிப்பைத் தடுக்கிறார்கள். ஆனால் இவ்விரண்டும் வெளிப்புறத்தை மட்டுமே காக்கும். உட்புறத்தை யார் காப்பது?

"தையல் இயந்திரம் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் விடுகிறோமே! எண்ணெய் ஓடும் குழாய் உள்ளே எப்படி அரிக்கும்?" என்று தோழியர் கேட்கலாம். நல்ல கேள்விதான். அரிப்பது எண்ணெய் அல்ல, அதனுடன் வரும் தண்ணீர். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. ஓட்டம் மெதுவாக இருக்கும்போது அது குழாயின் அடியில், பள்ளமான இடங்களில் தங்கிவிடும். கரியமில வாயு அதில் கரைந்தால், சோடாவில் உள்ள அதே கார்பானிக் அமிலம் உண்டாகும். மேலே படியும் சேற்றுக்குள் சில நுண்ணுயிர்களும் வளர்ந்து இரும்பை அரிக்கும். சுவர் எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை; குழிகுழியாக மெலிகிறது.

இயற்கை வாயுக் குழாய்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஆந்திர மாநிலத்தில் அப்போது கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் இருந்த நகரம் என்னும் கிராமத்தில் 2014 ஜூன் 27 அதிகாலையில் கெயில் நிறுவனத்தின் வாயுக் குழாய் வெடித்தது. 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடுகளும் தென்னை மரங்களும் கருகின. உலர்ந்த வாயுவுக்காக அமைத்த குழாயில் ஈரமுள்ள வாயு சென்றதும், அதனால் உட்புறம் அரித்ததும் விசாரணையில் தெரியவந்தன.

அப்படியானால், பல நூறு கிலோமீட்டர் நீளமுள்ள குழாயைத் தோண்டாமல் சோதிப்பது எப்படி? அதற்கென்று ஒரு கருவி உண்டு. அதன் பெயர் 'பிக்'. ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குப் பன்றி என்று பொருள்! குழாயின் ஒரு முனையில் இதை நுழைத்தால், ஓடும் எண்ணெயே இதைத் தள்ளிக்கொண்டு போய் மறுமுனையில் சேர்க்கும். சாதாரண பிக் தண்ணீரையும் சேற்றையும் வழித்து வெளியேற்றும். அறிவுள்ள பிக் என அழைக்கப்படும் மற்றொரு வகையில் வலிமைமிக்க காந்தங்கள் உண்டு. அவை குழாயின் சுவரைக் காந்தமாக்குகின்றன. சுவர் மெலிந்த இடத்தில் காந்த விசைக் கோடுகள் வெளியே கசியும். அந்தக் கசிவை உணர்கருவிகள் பதிவு செய்யும். கூடவே உருளும் சக்கரம் தூரத்தை அளக்கும். பிறகு பொறியாளர்கள் பழுதான இடத்தை மட்டும் தோண்டி, மீயொலியால் தடிமனை அளந்து சீர்செய்வார்கள். பாபா அணு ஆராய்ச்சி நிலையமும் இந்தியன் ஆயில் நிறுவனமும் சேர்ந்து நம் நாட்டிலேயே இத்தகைய கருவியை உருவாக்கியுள்ளன என்பது நமக்குப் பெருமை.

கருவி இருந்தால் மட்டும் போதாது. அதைக் காலம் தவறாமல் பயன்படுத்தவும் வேண்டும். அமெரிக்காவின் அலாஸ்காவில் புரூடோ விரிகுடா எண்ணெய் வயலில் 2006 மார்ச் மாதம் ஒரு குழாயிலிருந்து சுமார் 2 லட்சம் காலன் எண்ணெய் கசிந்து பனிநிலத்தில் பரவியது. காரணம், உள்ளரிப்பால் விழுந்த சிறு துளை. அந்தக் குழாய்க்குள் அறிவுள்ள பிக் கடைசியாகச் சென்றது 1998இல்! கசிவைக் கண்டுபிடித்ததும் இயந்திரமல்ல. அவ்வழியே சென்ற ஒரு தொழிலாளி எண்ணெய் வாடையை உணர்ந்தார்.

ஆகவே குழாய் செல்லும் பாதையில் வாடை வீசினாலோ, மண்ணில் எண்ணெய் படர்ந்தாலோ, அருகே போகாமலும் தீக்குச்சி கிழிக்காமலும் உடனே அறிவிப்பது நம் கடமை. அங்குள்ள எச்சரிக்கைப் பலகைகளில் தொலைபேசி எண் எழுதப்பட்டிருக்கும்.

வெளியே பூச்சு பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே சுவர் மெலிந்துகொண்டிருக்கலாம். அன்றாடம் இரவில் ஆன்ம சோதனை செய்யும்படி அருட்சகோதரிகள் நமக்குச் சொல்வதன் பொருளும் இதுதான் அல்லவா?