ஃபிரைடு ரைஸ் ஏன் குழைகிறது?

கேள்வி: வேலை முடிந்து வந்து அவசரமாகக் காரமான சிக்கன் ஃபிரைடு ரைஸ் செய்தால் குழைந்துவிடுகிறது. கடையில் மட்டும் எப்படி உதிரியாக வருகிறது?

பதில்: அரிசியைக் குறை சொல்லாதீர்கள், ஈரம்தான் காரணம். அப்போதுதான் வடித்த சோற்றின் மேல் ஈர மாவுச்சத்து ஒட்டியிருக்கும், கிளறினால் கூழாகும். ஓர் இரவு ஃபிரிட்ஜில் இருந்தால் அது இறுகி, பருக்கை பருக்கையாகப் பிரியும். மறுநாள் அடுப்படியில் கால் மணி நேரம் போதும். பழைய சோறு வயிற்றைக் கெடுக்காதா என்பது நியாயமான பயம். பேசில்லஸ் செரியஸ் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் பிழைக்கும். வெளியில் வைத்த சோற்றில் பெருகி, மறுபடி சூடாக்கினாலும் அழியாத நஞ்சைக் கக்கும். ஆகவே வடித்ததும் தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். நேற்றே வடிக்கவில்லையா? முக்கால் பதத்தில் வடித்து, ஃபேனுக்கு அடியில் அரை மணி நேரம் ஆறவிடுங்கள்; அதே உதிரி வராது, ஆனால் குழையாது.

காரத்துக்காகச் சில்லி சாஸைக் கொட்டுவதும் ஈரத்தையே சேர்க்கும். ஊறவைத்த காய்ந்த மிளகாயைப் பூண்டோடு அரைத்து, எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள்; காரம் அதில் முழுதாக இறங்கும். சிக்கனைச் சுண்டுவிரல் அகலத்துக்கு நறுக்கி, முதலிலேயே வேகும்வரை வறுத்துத் தனியே எடுத்துவிடுங்கள். கடைசியில் சேர்த்தால் போதும். வீட்டு அடுப்பின் தீ கடை அடுப்புக்கு ஈடாகாது. நாலு பேருக்கானதை ஒரே வாணலியில் போட்டால் சோறு வறுபடாமல் ஆவியில் வேகும். இரண்டு ஈடாகப் போடுங்கள். சோயா சாஸ் ஒரு ஸ்பூன், அதுவும் சூடான வாணலி ஓரமாக.